உப்புக்குள்ளை நிண்ட அம்மா

சுவிசிலை ஊஸ்டர் எண்ட ஊரிலை நான் வேலை செய்யிற அல்டர்ஸ்ஹைமிலை, அதுதான் வயசு போன ஆக்களை வைச்சுப் பாக்கிற இடத்திலை, என்ரை வாய்க்கு எல்லாருக்கும் பயம். பயப்பிடட்டும். ஒரு கிழவியைத் தூக்கி இருத்தேக்கை பின்னாலை நிண்டு கையைக் கட்டிக்கொண்டு "மெதுவா, மெதுவா" எண்டு சொல்லுற ஆக்களைக் கண்டால் எனக்கு விசர் வரும். அப்பிடிப்பட்ட நான் ஒரு மனுசனுக்கு முன்னாலை வாயடைச்சு நிண்டதெண்டால், அதுக்கு ஒரு வடைதான் காரணம்.

அந்த மனுசன் உக்ரைன்காரர். சண்டை துவங்கின கையோடை கார்கிவ் நகரத்திலையிருந்து ஓடி வந்தவர். எஸ் பெர்மிட், அதுதான் உக்ரைன் அகதியளுக்கு இஞ்சை குடுக்கிற விசா. பிள்ளை குட்டி இல்லை, கட்டின மனுசி செத்து எத்தினையோ காலம். முழங்கால் ரண்டும் சரியில்லை, ஆனால் கை மாத்திரம் நடுங்காது. பள்ளிக்கூடத்திலை படிச்ச பழைய ஜேர்மன் கதைப்பார், புத்தகத்தை வாசிக்கிற மாதிரி. நான் கதைக்கிறது இஞ்சத்தைச் சுவிஸ் ஜேர்மன், அதுவும் எங்கடை மீன்சந்தை இராகத்திலை. ரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விளங்கிக்கொண்டது கடவுள் புண்ணியம். வேலையிலை 'ஹேர்' எண்டு மரியாதையாய்த்தான் கூப்பிடவேணும். மனசுக்குள்ளை எனக்கு அவர் கிழவர்.

வந்த புதிசிலை கிழவர் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டார். படம் கீறுற ஆளாம் எண்டு கேள்விப்பட்டு எங்கடை பொறுப்பாளர் ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கிக் குடுத்தவ. அதை அவர் திறந்தும் பாக்கேல்லை. எனக்கெண்டால் ஆத்திரம். ஒரு மனுசி ஆசையாய் வாங்கித் தந்தால் ஒரு கோடாவது இழுக்கிறதுக்கென்ன?

பொங்கலுக்கு அடுத்த நாள் மிஞ்சின வடையை, தமிழ்க் கடையிலை சும்மா குடுக்கிற பேப்பரிலை சுத்திக்கொண்டு போனன். கூட வேலை செய்யிறவைக்குக் குடுத்து மிஞ்சினதிலை ஒண்டை அந்தப் பேப்பரோடையே கிழவருக்கு முன்னாலை வைச்சன். அவர் வடையை ஒரு பக்கம் தள்ளிப்போட்டு எண்ணெய் பிரண்ட பேப்பரை எடுத்தார். வெளிச்சத்துக்குப் பிடிச்சார். மூக்கடியிலை கொண்டுபோய்ப் பாத்தார்.

"இது என்ன எழுத்து?"

"தமிழ். என்ரை பாஷை. வடையைச் சாப்பிடுங்கோ, ஆறிப்போச்சு."

"இந்த எழுத்திலை என்ரை புத்தகம் ஒண்டு வந்தது," எண்டார். "பிள்ளையளின்ரை புத்தகம். படம் நான் கீறினது."

எனக்குச் சந்தோசம் தாங்கேலாமல் போச்சு. "ஐயோ, ரஷ்யப் புத்தகம்! எங்கடை வீட்டிலையும் இருந்தது, ரஷ்யப் படப்புத்தகம்!" எண்டு கத்திப்போட்டன். கிழவர் பேப்பரை மடிச்சு வைச்சிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார். எனக்கு ஒண்டுமாய் விளங்கேல்லை. பின்னேரம் எஸ்-பான் ரெயினிலை வீட்டை போகேக்கைதான் விளங்கினது. "ஓ, நீங்கள் ஸ்ரீலங்காவோ, அப்ப சிங்களம்தானே கதைப்பியள்" எண்டு எத்தினை வெள்ளையள் என்னைக் கேட்டிருக்குதுகள். எத்தினை தரம் நான் மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறன். யாழ்ப்பாணத்திலை நாங்கள் எல்லாரும் அதுகளை ரஷ்யப் புத்தகம் எண்டுதான் சொல்லுறது. கெட்டியான அட்டை, வழுவழுத்த தாள், விலை மலிவு. எந்த வீட்டிலை ஒண்டு ரண்டு இல்லை? அதைக் கீறினது எந்தச் சாதிச் சனம், எந்த மண் எண்டு ஆர் யோசிச்சது?

அடுத்த நாள் போய், "உங்கடை உக்ரைன் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டன். கிழவர் என்ரை முகத்தைப் பாத்தார். பிறகு சிரிச்சார்.

கதை துண்டு துண்டாய்த்தான் வந்தது. காலமை குளிக்க வாக்கேக்கை கொஞ்சம், மத்தியானம் மருந்து குடுக்கேக்கை கொஞ்சம். அந்த நாளிலை, சோவியத் காலத்திலை, அரசாங்கம் சொல்லுறதைத்தான் கீறவேணுமாம். உழவு மெசின், பக்டறி, கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிற தலைவர். இவர் கீறமாட்டன் எண்டிட்டார். இடிச்ச கோயிலைக் கீறியிருக்கிறார். ஒண்டும் இல்லாமல் ஒரு துணி முழுக்க மஞ்சள் மாத்திரம் பூசியிருக்கிறார். விசாரிக்க வந்தவங்கள் "இதிலை என்ன இருக்கு?" எண்டு கேக்க, "மஞ்சள்" எண்டாராம். இப்பிடிப் பதில் சொன்னால் விடுவாங்களோ? படம் கீறுற ஆக்களின்ரை சங்கத்திலையிருந்து தூக்கிப்போட்டாங்கள். சங்கத்திலை இல்லாட்டில் கடையிலை வர்ணமும் வாங்கேலாதாம். ஒருநாள் பின்னேரம் வீட்டுச் சுவரிலை படங்களை மாட்டிச் சிநேகிதரைக் கூப்பிட்டுக் காட்டினதுக்கு மனுசிக்குப் பள்ளிக்கூட வேலை போச்சு. அவர் இதுகளைச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னார். மனுசியின்ரை வேலை போனதைச் சொல்லேக்கை மட்டும் சிரிக்கேல்லை.

பிள்ளையளின்ரை புத்தகத்துக்குக் கீறுறதை மாத்திரம் விட்டுவைச்சாங்களாம். ஆட்டையும் மாட்டையும் கீறி அரசாங்கத்தைக் கவிழ்க்கேலாது எண்ட நினைப்பு. அதுவும் பேர் போடாமல். அப்பிடிக் கீறின ஒரு கதையிலை ஒரு அம்மா வருவா. அந்த அம்மாவுக்கு இவர் தன்ரை மனுசியின்ரை முகத்தை வைச்சிட்டார். மேலிடத்துக்குப் பிடிக்கேல்லை. 'எங்கடை நாட்டுத் தாய்மார் இப்பிடிக் கவலையாய் இருக்கமாட்டினம், மாத்து' எண்டிட்டாங்கள். மாத்திக் குடுத்தார், கன்னம் உருண்ட ஒரு சிரிச்ச முகம். ஆனால் வெளிநாட்டுப் பாஷையளிலை அச்சடிக்கிற இடத்துக்கு ஆரோ கவனியாமல் முதல் கீறின படத்தை அனுப்பிப்போட்டாங்களாம். கன காலத்துக்குப் பிறகு ஒரு தமிழ்ப் புத்தகம் இவற்றை கைக்கு வந்தது. மனுசி அதைப் பாத்திட்டு, "பாத்தியளோ, நான் கவலைப்படுறதுக்கு உலகத்திலை ஒரு ஊராவது இருக்கு" எண்டு சொன்னாவாம்.

கொஞ்ச வருசத்திலை அவ வருத்தம் வந்து செத்துப்போனா. கிழவர் பிறகு அவவைத் திருப்பித் திருப்பிக் கீறினவர். அந்தப் படங்கள், அவவின்ரை போட்டோக்கள், அந்தத் தமிழ்ப் புத்தகம் எல்லாம் கார்கிவிலை ஒரே வீட்டுக்குள்ளை. ஷெல் விழுந்து வீடு எரியேக்கை இவர் கீழை பங்கருக்குள்ளை இருந்திருக்கிறார்.

"எனக்கு அவவின்ரை முகம் போகுது," எண்டார். "கண்ணை மூடினால் மூக்கு வருது, வாய் வராது. வாய் வந்தால் கண் வராது. அதுதான் பென்சிலைத் தொடேல்லை. பிழையாய்க் கீறினால் இருக்கிறதும் போயிடும். போக முந்தி ஒருக்கா அவவைப் பாக்கவேணும்."

அந்தப் பென்சில் பெட்டிக்கு நான் ஆத்திரப்பட்டதை நினைக்க எனக்கு வெக்கமாய்ப் போச்சு. "அது என்ன கதை?" எண்டு கேட்டன்.

"காணாமல் போன கண்டுக்குட்டியைத் தேடி ஒரு அம்மா பனிக்குள்ளை போற கதை."

நான் அவற்றை கட்டிலிலை இருந்திட்டன். அங்கை நாங்கள் கட்டிலிலை இருக்கப்படாது, சட்டம். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தப் புத்தகம் எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாய்த் தெரியும். பனியைக் கண்டறியாத எங்கடை வீட்டிலை என்ரை சின்னத் தங்கச்சி அந்தப் படத்தைப் பாத்திட்டு, "அந்த அம்மா ஏன் உப்புக்குள்ளை நிக்கிறா?" எண்டு கேட்டவள். ஆனையிறவு உப்பளத்தைப் பஸ்ஸிலையிருந்து பாத்த பிள்ளை வேறை என்ன கேக்கும்! அண்டையிலையிருந்து எங்கடை வீட்டிலை அது 'உப்பம்மா புத்தகம்'.

என்ரை மகள் இன்ரநெட்டிலை தேடாத இடமில்லை. வேறை எத்தினையோ பழைய புத்தகம் இருக்கு, இது இல்லை. எங்கடை புத்தகம் எங்கை கிடக்கு எண்டு எனக்குத் தெரியும். அதுதான் கோதாரி. அண்ணை சுவிசுக்கு வெளிக்கிடேக்கை, அவற்றை பள்ளிக்கூடச் சேட்டிபிக்கட்டுகள் மடங்கக் கூடாதெண்டு அம்மா அந்தப் பெரிய அட்டைப் புத்தகத்துக்குள்ளை வைச்சுக் கட்டி அனுப்பினவ. தங்கச்சி தன்ரை புத்தகம் எண்டு நிலத்திலை விழுந்து பிரண்டு குழறினவள். அண்ணை இப்ப இஞ்சை சுவிசிலையே பாடன் எண்ட ஊரிலை. நானும் அண்ணையும் கதைக்கிறேல்லை.

ஏன் கதைக்கிறேல்லையெண்டால், அந்தத் தங்கச்சியாலைதான். கடைசிச் சண்டைக்கை வன்னியிலை நிண்டவள். சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக்கொண்டிருந்தவள். முள்ளிவாய்க்கால்ப் பக்கம் போறதைக் கண்டவை இருக்கினம், திரும்பி வந்ததைக் கண்டவை ஒருத்தரும் இல்லை. செத்தாள் எண்டு சொல்ல ஒரு உடம்பில்லை, இருக்கிறாள் எண்டு சொல்ல ஒரு போன் கோல் இல்லை. அண்ணை கன வருசம் பாத்திட்டு, "அவள் போய்ச் சேந்திட்டாள், அந்தரிச்சுக்கொண்டு திரியாமல் செய்யவேண்டியதைச் செய்வம்" எண்டு ஐயரைக் கூப்பிட்டுத் திவசம் வைச்சார். நான் போய்ப் பாத்தால் என்ரை தங்கச்சியின்ரை போட்டோவுக்கு மாலையும் விளக்கும். மாலையை இழுத்து அறுத்தெறிஞ்சுபோட்டு, "உயிரோடை இருக்கிறவளுக்குக் கொள்ளி வைக்கிறியளோ?" எண்டு கேட்டுப்போட்டு வந்தனான். இண்டைக்கும் அது பிழை எண்டு நான் சொல்லமாட்டன்.

அப்பிடிப்பட்ட வீட்டு வாசலிலை போய் நிக்கவேணும். ரண்டு நாள் யோசிச்சன். அந்தப் புத்தகம் எங்கடை வீட்டிலை இருந்ததெண்டு கிழவருக்குச் சொல்லிப்போட்டன். நான் அறைக்குள்ளை போகேக்கை என்ரை கையைப் பாப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத் தாங்க எனக்கு ஏலாது.

அண்ணை கதவைத் திறந்திட்டு வா எண்டும் சொல்லேல்லை, போ எண்டும் சொல்லேல்லை. தலை முழுக்க நரைச்சுப்போச்சு.

"உப்பம்மா புத்தகம் இருக்கோ?" எண்டன்.

"ஓம்," எண்டார். வேறை ஒண்டும் கேக்காமல் திறப்பை எடுத்துக்கொண்டு கீழை கெல்லருக்கு, அதுதான் நிலவறைக்கு, இறங்கினார். பழைய சூட்கேசுகள், பனிச்சப்பாத்துகள், அதுக்குக் கீழை ஒரு தகரப்பெட்டி. புத்தகம் ஒரு சீலைத்துண்டாலை சுத்திக் கிடந்தது. அம்மாவின்ரை சீலைத்துண்டு. சேட்டிபிக்கட்டுகளைக் கழட்டி எடுத்திட்டு அண்ணை புத்தகத்தை மாத்திரம் திருப்பிச் சுத்தி வைச்சிருக்கிறார். நான் நடுப்பக்கத்தை விரிச்சன். கெல்லர் வெளிச்சத்திலை அந்த அம்மா லாந்தரைப் பிடிச்சுக்கொண்டு பனிக்குள்ளை நிக்கிறா. நெத்தியிலை பொட்டு.

நான் அதை மறந்தே போனன். சின்னவளுக்கு, அதுதான் தங்கச்சிக்கு, பொட்டு வைக்கிறதெண்டால் பைத்தியம். அம்மாவின்ரை சாந்துச் சிமிழைக் களவாய் எடுத்துக்கொண்டுபோய் ஆட்டுக்கு வைப்பாள், பொம்மைக்கு வைப்பாள், கலண்டரிலை இருக்கிற ஆம்பிளைக்கும் வைப்பாள். படத்திலை ஒரு பொம்பிளை பொட்டில்லாமல் நிண்டால் அவளுக்குப் பொறுக்காது. சுட்டுவிரலாலை தொட்டு வைச்ச பொட்டு, நடுவிலை இல்லை, இடப்பக்கப் புருவத்துக்கு மேலை சரிஞ்சுபோய்க் கிடக்கு. சாந்து காஞ்சு தடிச்சு, ஒரு ஓரம் மெல்லிசாய்க் கிளம்பியிருக்கு. அண்ணை எட்டிப் பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் ரண்டு பேரும் அந்தப் பெட்டியடியிலை நிண்டு அழுதம். ஒருத்தரை ஒருத்தர் தொடேல்லை.

"கொண்டுபோ," எண்டார் அண்ணை. "திருப்பித் தரவேணும் எண்டில்லை."

கிழவருக்கு அதைக் குடுக்கிறதுக்கு முதல் நான் எத்தினையோ சொல்ல நினைச்சன். ஒண்டும் வரேல்லை. விரிச்சு மடியிலை வைச்சன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழட்டினார், துடைச்சுப்போட்டுத் திரும்பப் போட்டார். மனுசியின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், குசினிக்குள்ளை நிக்கிறவவைக் கூப்பிடுற மாதிரி. பிறகு அவற்றை பாஷையிலை கன நேரம் கதைச்சார். எனக்கு விளங்கேல்லை, எனக்கு விளங்கத் தேவையுமில்லை.

பிறகுதான் பொட்டைக் கண்டார். அழுக்கு எண்டு நினைச்சிருக்கவேணும். பெருவிரல் நகத்தைக் கொண்டுபோய், கிளம்பியிருந்த அந்த ஓரத்திலை வைச்சார். ஒரு தட்டுத் தட்டினால் போதும், முழுசாய் உரிஞ்சு வந்திடும்.

"வேண்டாம்!" எண்டு தமிழிலை குழறிப்போட்டன். பக்கத்து அறையிலை இருந்த கிழவி மணியை அடிச்சுப்போட்டுது.

அவருக்கு எல்லாத்தையும் சொன்னன். தங்கச்சியை, சாந்தை, வன்னியை. எனக்குத் தெரிஞ்ச ஜேர்மனிலை அதுக்கெல்லாம் சொல் இல்லை. 'காணாமல் போனவ' எண்டதுக்கு மாத்திரம் சொல் இருந்தது, கண்டுக்குட்டிக்கு அவர் சொன்ன அதே சொல்தான். கிழவர் நகத்தை எடுத்திட்டார். எடுத்த கையை மற்றக் கையாலை பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தார்.

"உங்கடை ஆக்களுக்கு இது என்ன?" எண்டு கேட்டார்.

"எல்லாப் பொம்பிளையளும் வைப்பினம். புருசன் செத்தால் அழிச்சுப்போடுவினம், அது பழைய வழக்கம். மனுசி முந்திப்போனால் அழிக்கிறேல்லை. குளிப்பாட்டி, புதுச்சீலை உடுத்தி, பொட்டு வைச்சுத்தான் அனுப்புறது. அது குடுத்துவைச்ச சாவு எண்டு சொல்லுவினம்."

"அவ எனக்கு முந்திப் போனவதானே. அப்ப அது சரியான இடத்திலைதான் இருக்கு. என்னட்டைத்தான் அவவுக்கு வைச்சுவிட ஒண்டும் இருக்கேல்லை," எண்டார். பிறகு சொன்னார்: "நான் போனாப்பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ. முகம் என்னுடையது, பொட்டு உன்னுடையது. ரண்டையும் பிரிக்கேலாது, அதாலை நீ வைச்சிரு."

அதுக்குப் பிறகு அவர் கீறத் துவங்கினார். கலர்ப் பென்சிலை ஒவ்வொண்டாய்ச் சீவித் தரச்சொல்லி என்ரை உயிரை எடுத்தார். ஆனால் அவவைக் கீறேல்லை. லாந்தர் வெளிச்சத்தின்ரை மஞ்சளை மாத்திரம் தாள் தாளாய்ப் பூசினார். "இதிலை என்ன இருக்கு?" எண்டு ஒருநாள் நக்கலாய்க் கேட்டன். "மஞ்சள்," எண்டார். ரண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சம்.

மாரிக் குளிர் முடியிறதுக்கு முதல் காய்ச்சல் வந்து நெஞ்சிலை சளி கட்டிப்போட்டுது. ஒரு காலமை நான் வேலைக்குப் போக, அறை யன்னல் திறந்து கிடந்தது. அங்கை ஆரும் செத்தால் யன்னலைத் திறந்துவிடுறது வழக்கம். புத்தகம் தலைமாட்டிலை விரிச்சபடி இருந்தது. அவரைத் துடைச்சு, சேட்டு மாத்தினது நான்தான். பொறுப்பாளர் கையிலை வைக்க ஒரு வெள்ளைப் பூ கொண்டுவந்து தந்தா. மத்தியானம் வாகனம் வரும், தகனத்துக்குக் கொண்டுபோவினம், ஆரும் சொந்தக்காரர் இல்லை எண்டா.

நான் புத்தகத்தை எடுத்துப் பையுக்குள்ளை வைச்சன். அவர் சொன்னது அதுதானே. வைச்சிட்டுக் கதவு வரைக்கும் போனன். அங்காலை போக ஏலேல்லை. அந்த மனுசன் ஒருக்காப் பாக்கவேணும் எண்டு இவ்வளவு நாள் உயிரைப் பிடிச்சுக்கொண்டிருந்தவர். வெறுங்கையோடை அனுப்பிறதோ? பிரிக்கேலாது எண்டு சொன்னதும் அவர்தான். அப்ப முகம் போனால் பொட்டும் போகவேணும். பொட்டுப் போனால்... அதைத்தான் எனக்கு நினைக்க ஏலேல்லை. படத்தைப் போனிலை எடுத்துப் பாத்தன். போனிலை அது ஒரு கறுத்தப் புள்ளி, இலையான் ஈ இருந்த மாதிரி.

அண்ணைக்குக் கோல் எடுத்தன். "அண்ணை, சின்னவளின்ரை பொட்டை நெருப்பிலை விடப்போறன். வாறியளோ?" எண்டன்.

"ஓம் பிள்ளை, வாறன்," எண்டார்.

பாடனிலையிருந்து ரெயின் மாறி மாறி வந்து சேந்தார். குளிர்க்கோட்டுக்குக் கீழை வேட்டி. அந்த வாசலிலை அவரைக் கண்டு எல்லாரும் பாத்தவை, பாக்கட்டும். பெட்டி மூட முந்தி நான் அந்தத் தாளைத் தையல்ப் பக்கத்தாலை மெதுவாய்க் கழட்டி, கிழவற்றை கைக்குக் கீழை, முகம் மேலை தெரியிற மாதிரி வைச்சன். அண்ணை கோட்டுப் பையுக்குள்ளையிருந்து ஒரு சின்னப் பொலித்தீன் பை எடுத்தார். பச்சையரிசி. வாய்க்கரிசி கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பொட்டிலை கொஞ்சம் போட்டார். பிறகு, "இவருக்கும் ஆர் இருக்கினம்," எண்டு கிழவருக்கும் ஒரு பிடி போட்டார். பையை என்னட்டை நீட்டினார்.

இந்த அரிசிக்குத்தான் நான் இவ்வளவு காலமும் அண்ணையோடை கதைக்காமல் இருந்தனான். வாங்கினன். "போட்டு வா, என்ரை குஞ்சு," எண்டு வாயாலை சொன்னன். அவள் இல்லை எண்டு நான் சொன்னது அதுதான் முதல்த்தரம். வாகனம் திரும்பிப் போகேக்கை வெளியிலை பனி தூறிக்கொண்டிருந்தது. அண்ணை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

புத்தகம் இப்ப என்ரை வீட்டிலை. நடுத்தாள் இல்லை. கடைசிப் பக்கத்திலை அந்த அம்மா முதுகு காட்டிக்கொண்டு நிக்கிறா, வீட்டு வாசலிலை கண்டுக்குட்டி வந்து நிக்குது. அதின்ரை நெத்தியிலையும் ஒரு சரிஞ்ச பொட்டு. அதை மட்டும் நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். கதையிலை எண்டாலும் அது வீட்டை வந்திட்டுது.